புழுவைக் கண்டேன், பூரித்துப் போனேன்!

மான்கொம்புப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவை நேரில் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைத் தட்டில், உருப்பெருக்கிக்கு அடியில், உடலின் ஓரங்களை அலை அலையாக மடித்து விரித்து அது வழுக்கிக்கொண்டு போகும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? பவளம் வளர்ப்பவர்களுக்கு அதுதான் பரம எதிரி. ஆனாலும் பார்த்த கணத்தில் நெஞ்சு படபடக்கும். "அகப்பட்டுக்கொண்டாயா!" என்று வாய்விட்டுக் கத்தத் தோன்றும். நான் கத்தியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "எங்கப்பா, எங்க?" என்று தட்டின்மேல் குனிந்தாள். அன்றிரவு வீட்டில் வேறு பேச்சே இல்லை.

வீட்டில் பவளம் வளர்ப்பவர்களைப் பேசச் சொன்னால் நிறங்களைப் பற்றிப் பேசுவார்கள். விளக்கைப் பற்றி, நீரோட்டத்தைப் பற்றி, கால்சிய அளவைப் பற்றிப் பேசுவார்கள். பூச்சி புழு என்றதும் முகம் வாடிவிடும். எனக்கோ நேர்மாறு! இந்தப் பொழுதுபோக்கின் உச்சகட்ட இன்பமே அங்கேதான் இருக்கிறது என்பேன். பவளத்தைத் தின்பவன் யார், அவன் எந்தப் பவளத்தை மட்டும் தின்பான், எங்கே ஒளிவான், எங்கே முட்டையிடுவான், அந்த முட்டை எப்போது பொரியும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு அவன் கணக்கை முடிப்பதில் இருக்கும் நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நான் இருப்பது சிங்கப்பூரில், அடுக்குமாடி வீட்டில். கூடத்தின் ஒரு சுவரை ஒட்டித் தொட்டி. வெளியே 31, 32 டிகிரி வெயில் கொளுத்தினாலும் நீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடிக்கொண்டே இருப்பதால் தொட்டி நீர் 26 டிகிரியில் நிற்கும். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. அதற்குள் மான்கொம்புப் பவளமான அக்ரோபோரா, தட்டுத் தட்டாக விரியும் மாண்டிபோரா, பொத்தான் அளவில் கூட்டம் கூட்டமாகப் பூக்கும் சோயாந்தஸ் எல்லாம் வளர்கின்றன. எல்லாமே பண்ணையில் வளர்த்துத் துண்டுகளாக நறுக்கி விற்கப்படுபவை. இவற்றை 'ஃப்ராக்' என்போம். கடினப் பவளங்கள், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாட்டுக்கு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உங்களுக்கு மன்னார் வளைகுடாவே இருக்கிறது. அதை அங்கேயே போய்ப் பார்ப்பதுதான் முறை. நான் சொல்லப்போகும் உயிர்கள் அங்குள்ள பவளங்களைப் பார்க்கவும் உங்களுக்குப் புதுக் கண்ணைத் தரும்.

வெளுத்ததெல்லாம் கடி அல்ல

வேட்டையின் முதல் பாடம், வெள்ளையைப் படிக்கத் தெரிவது. கடினப் பவளம் என்பது சுண்ணாம்பு எலும்புக்கூட்டின்மேல் மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் உயிர். அந்தத் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியிலிருந்து உணவு செய்து கொடுக்கின்றன. வெப்பமோ ஒளியோ எல்லை மீறினால் பாசிகள் வெளியேறிவிடும். அப்போது பவளம் வெளுக்கும். ஆனால் தோல் அப்படியே இருக்கும். உற்றுப் பார்த்தால் கண்ணாடித்தாளாக அது எலும்பின்மேல் மினுங்குவது தெரியும். இது பூச்சி வேலை இல்லை.

அடியிலிருந்து மேல்நோக்கித் தோல் பட்டை பட்டையாக உரிந்து, சில மணி நேரத்தில் கிளை முழுவதும் எலும்பாகிப் போனால் அது திசு அழுகல். அதற்கும் பூச்சிக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. நீரின் காரத்தன்மை திடீரென்று ஏறி இறங்கியதா, உப்பளவு மாறியதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பூச்சியின் வெள்ளை வேறு மாதிரி இருக்கும். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, ஓர் இடம் உண்டு. கிளையின் நிழல் பக்கத்தில், அடியை ஒட்டி, சின்னச் சின்ன வட்டங்களாக வெளிறியிருந்தால் தட்டைப்புழு. மாண்டிபோராத் தட்டின் அடிப்பக்கத்தில் தொடங்கி ஓரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு நகர்ந்துகொண்டே போனால் நுடிபிராங்க் என்னும் ஓடில்லாக் கடல் நத்தை. அக்ரோபோராவில் வெள்ளையே இல்லை, ஆனால் நிறம் மங்கிவிட்டது, பவளத்தின் குட்டிப் பூக்களான பாலிப்புகள் வெளியே தலைகாட்டவில்லை என்றால் சிவப்புப் பூச்சி. சோயாந்தஸ் கூட்டத்தில் ஒரு மூலை மட்டும் நாள்கணக்கில் மூடியே கிடந்தால் அங்கே யாரோ மேய்கிறார்கள். இதைப் படிக்கப் பழகிவிட்டால், கூடத்தில் நடந்துபோகும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும்! அந்தத் திறமை கைவரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதை அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருட்டில்தான் திருவிழா

கருவிகள் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், நகை பார்க்கும் உருப்பெருக்கி, ரப்பர் குமிழ் வைத்த பீச்சுக்குழாய், வெள்ளைத் தட்டு, சிவப்பு விளக்கு. இவ்வளவுதான். தொட்டி விளக்கு அணைந்து ஓரிரு மணி நேரம் கழித்து, சிவப்பு ஒளியில் பாருங்கள். முதுகெலும்பில்லாத பல உயிர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. ஓடி ஒளியாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பகலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடமெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும்! புழுக்கள் தலை நீட்டும். இறால்கள் கண்களில் ஒளி மின்னத் திரியும். இந்த ஒரு காட்சிக்காகவே தொட்டி வைக்கலாம்.

அங்கே ஊர்வதில் பெரும்பகுதி நிரபராதிகள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளி ஓடும் கோப்பிபாடுகள் மீன்களுக்கு விருந்து. உடம்பெல்லாம் முடி வைத்த பிரிசில் புழு, அழுகியதைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் தோழன். சாகும் பவளத்தின்மேல் அதைப் பார்த்துவிட்டு, "இதுதான் கொன்றது" என்று பலர் பிடுங்கி எறிகிறார்கள். பாவம், அது சாவுக்குப் பிறகு வந்த துப்புரவாளன். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். முடிகள் தோலில் ஏறி எரியும்.

எனக்கு மிகவும் பிடித்த நிரபராதி ட்ரபீசியா நண்டு. பவளக் கிளைகளுக்கு நடுவே, வழவழப்பான ஓட்டோடு உட்கார்ந்திருக்கும். அது பவளத்தின் காவலாளி. கடலில் பவளத்தைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திர மீனின் கால்களைக் கிள்ளி விரட்டிவிடும் வீரன்! உடம்பெல்லாம் மயிரும் கறுத்த கொடுக்கு நுனியும் கொண்ட முரட்டு நண்டுகளைச் சந்தேகப்படலாம். வழவழப்பானவனை வாழ விடுங்கள். மருந்துக் குளியலுக்கு முன்னால் அவனை மெல்ல வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மருந்துக்கு நண்பன் பகைவன் தெரியாது.

அறிவியலுக்கு முன்னே நாம் கண்ட புழு

இப்போது என் நாயகனுக்கு வருகிறேன். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு. இன்றைய அறிவியல் பெயர் ப்ராஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. இதில் எனக்கு மயிர்க்கூச்செறியும் ஒரு செய்தி உண்டு. வீட்டுத் தொட்டிக்காரர்கள் இந்தப் புழுவோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகுதான், 2011-இல் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. அப்போதும் அது அறியப்பட்டது தொட்டிகளில் மட்டுமே. இயற்கையில் அது எங்கே வாழ்கிறது என்பது 2012-இல்தான் வெளிவந்தது. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், லிசார்ட் தீவுக்கு அருகே கண்டுபிடித்தார்கள். கடலில் யார் கண்ணிலும் படாத ஓர் உயிர், சாதாரண மனிதர்களின் கூடத்துத் தொட்டிகளில் முதலில் தன்னைக் காட்டியிருக்கிறது! இதைவிட இந்தப் பொழுதுபோக்குக்கு என்ன பெருமை வேண்டும்?

ஏன் கடலில் படவில்லை என்பதற்கும் அழகான காரணம் உண்டு. இந்தப் புழு தின்ற பவளத்தின் நுண்பாசிகளும் ஒளிரும் நிறப்பொருளும் அதன் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அதனால் எந்தப் பவளத்தின்மேல் இருக்கிறதோ அந்தப் பவளத்தின் நிறமாகவே ஆகிவிடுகிறது. நீல விளக்கின் கீழ் பவளம் பச்சையாக ஒளிர்ந்தால் அதுவும் சேர்ந்து ஒளிர்கிறது. ஓர் அங்குலத்துக்கும் குறைவான உடல். தாளைவிடச் சற்றே தடிமன். பவளத் தோலோடு ஒட்டிக்கொண்டால் அனுபவசாலிகள்கூடத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆனால் முட்டையை ஒளிக்க அதற்குத் தெரியாது. தோல் இல்லாத வெற்று எலும்பின்மேல், பெரும்பாலும் கிளையின் அடியில், தேன் நிறத்தில் சிறு கூடுகளை நெருக்கமாக ஒட்டி வைக்கும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பல கருக்கள். ஃப்ராக்கைக் கையில் எடுத்தால் முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

நண்பர் ஒருவர் ஆசையாகக் கொடுத்த நீல அக்ரோபோராத் துண்டைத் தனிமைத் தொட்டியில் வைத்திருந்தேன். லென்ஸில் அடிப்பகுதியைப் பார்த்தேன். தேன் நிறம்! உடனே அவரை அழைத்தேன். என்னைவிட இளையவர். "அண்ணே, நெசமாவா? இருங்க, இதோ வர்றேன்" என்றார். சொன்னபடி தன் பவளங்களையும் வாளியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரும் சமையலறை மேடையில் தட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்படி ஒரு மாலைப்பொழுது யாருக்கு வாய்க்கும்!

குளியல் என்னும் கலை

பவளத்தை மருந்து நீரில் சில நிமிடம் முக்கி எடுப்பதை 'டிப்' என்போம். செய்முறை எளிது. ஆனால் ஒவ்வொரு படியும் முக்கியம்.

தொட்டி நீரையே மூன்று பாத்திரங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. முதல் பாத்திரத்தில் டிப் மருந்தை உறையில் போட்டிருக்கும் அளவுக்குக் கலக்குங்கள். தாவர எண்ணெய் சேர்ந்தவை, அயோடின் சேர்ந்தவை என்று பலவகை கடைகளில் உண்டு. அயோடின் புண்ணை ஆற்றுவதில் கெட்டி. புழுவை உதிர்ப்பதற்கு எண்ணெய் வகைதான் என் தேர்வு. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகக் குணமாகும் என்று நினைக்கவே வேண்டாம். புழுவுக்கு முன்னால் பவளம் போய்விடும்.

பவளத்தை முக்கிவிட்டு, பீச்சுக்குழாயால் ஒவ்வொரு கிளை இடுக்கிலும் மருந்து நீரை வேகமாகப் பீச்ச வேண்டும். புழு வாழ்வது அடியிலும் நிழலிலும்தான். அங்கே அதிகம் பீச்சுங்கள். இப்போது பாத்திரத்தின் அடியைப் பாருங்கள்! முறத்தில் அரிசி புடைக்கும்போது கல்லும் உமியும் தனியாக ஒதுங்குவதுபோல, பவளத்தில் ஒட்டியிருந்ததெல்லாம் தனித்தனியாக உதிர்ந்து வெள்ளைத் தரையில் கிடக்கும். ஓவல் வடிவத்தில் சுருண்டு கிடப்பது தட்டைப்புழு. இந்தக் கணத்துக்காகத்தான் நான் எந்தப் புதுப் பவளத்துக்கும் டிப்பை ஒத்திவைப்பதில்லை. சிகிச்சையும் சோதனையும் ஒரே பாத்திரத்தில் நடக்கின்றன. பிறகு இரண்டாவது பாத்திரத்திலும் மூன்றாவது பாத்திரத்திலும் அலசித் தனிமைத் தொட்டிக்கு அனுப்பலாம்.

முட்டைக்கு மட்டும் எந்த டிப்பும் செல்லாது. அதன் ஓட்டைத் தாண்டி மருந்து உள்ளே போவதில்லை. ஆகவே முட்டை இருக்கும் அடிப்பாகத்தை எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கி எறிந்துவிட்டு, நல்ல துண்டைப் புது ஃப்ராக் பிளக்கில் சூப்பர் குளூ ஜெல் வைத்து ஒட்டுவேன். நறுக்க முடியாத இடத்தில் கூர்மையான கத்தியால் சுரண்டி எடுப்பேன்.

அதற்குப் பிறகு வேலை செய்வது நாட்காட்டி! 27 டிகிரி வெப்பத்தில் இந்தப் புழு முட்டையிலிருந்து மறுபடி முட்டையிடும் பருவத்துக்கு வர ஐந்து வாரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. தப்பிய முட்டை பொரிந்தாலும், குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் அதைப் பிடித்துவிட்டால் பரம்பரை அத்தோடு அற்றுப்போகும். எனவே வாரம் ஒரு டிப், ஆறு வாரத்துக்குக் குறையாமல். அதுவரை தனிமைத் தொட்டியைவிட்டு வெளியே வரக் கூடாது. மருந்தைவிட வலிமையானது இந்தக் கணக்கு. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட பரவசம் இன்னும் அடங்கவில்லை.

உதவிக்கு ஆட்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கோட்டு ராஸ் மீன் இந்தப் புழுக்களைப் பொறுக்கித் தின்றது. பெப்பர்மின்ட் இறால் முட்டைக் கூடுகளையே தின்றது. மருந்து தொட முடியாத முட்டையை இறால் தொடுகிறது!

ஒவ்வொருவனுக்கும் ஓர் இலை

மாண்டிபோராவைத் தின்னும் நுடிபிராங்க் கதையும் இதே வகை. சில மில்லிமீட்டர் நீளம். முதுகு நிறைய வெள்ளை விரல்கள் அசையும். தொட்டிக்காரர்கள் நெடுங்காலமாகச் சபித்துவந்த இதற்கு 2020-இல்தான் ஃபெஸ்டில்லா சபோடியோசா என்று பெயர் கிடைத்தது. மாண்டிபோராவைத் தவிர வேறு பவளத்தை இது சீண்டாது. தட்டின் அடிப்பக்கத்தில், தின்று தீர்த்த எலும்பின்மேல் வெள்ளை முட்டைக் கொத்துகளை வைக்கும். தட்டைப்புழுவைவிட இதற்கு அவசரம் அதிகம். முட்டை சில நாட்களில் பொரிந்துவிடும். அதனால் வாரத்துக்கு ஒன்று போதாது, இன்னும் நெருக்கமாக டிப் செய்ய வேண்டும். தொட்டியில் பெரிதாகப் படர்ந்துவிட்ட மாண்டிபோரா என்றால், முட்டையுள்ள ஓரத்தை உடைத்து எடுத்துவிடுவதே உத்தமம். பவளம் மீண்டும் வளரும்.

சிவப்புப் பூச்சி என்னும் டெகாஸ்டெஸ் அக்ரோபோரானஸ் அரை மில்லிமீட்டர்தான். மஞ்சள் உடலில் ஒரு சிவப்புப் பொட்டு. லென்ஸ் இல்லாமல் பார்த்தால் பவளத்தின்மேல் தூசி. லென்ஸில் பார்த்தால் கிளை முழுவதும் நகரும் பொட்டுகள்! நாய்களுக்கு இதயப்புழு வராமல் கொடுக்கும் மில்பமைசின் ஆக்சைம் மாத்திரைக்கு இவை நிற்காது. கால்நடை மருத்துவரின் சீட்டு வேண்டும். சில மணி நேரம் வைத்து, கரி வடிகட்டியும் நீர் மாற்றமும் செய்து, வாரத்துக்கு ஒன்றாக மும்முறை கொடுப்பது வழக்கம். நண்டு, இறால், கோப்பிபாடு எல்லாவற்றையும் அது கொல்லும். ஆகவே இதையும் தனித் தொட்டியில் செய்வதுதான் நல்லது.

சோயாந்தஸைத் தின்னும் நுடிபிராங்க் இன்னும் சுவாரசியம். தான் தின்ற பாலிப்பின் நிறத்தையே முதுகு விரல்களில் ஏற்றிக்கொள்ளும். மூடிய பாலிப் ஒன்று நடந்து போவதாகத் தோன்றும்போதுதான் பிடிபடும். சூரியக் கடிகார நத்தை என்று ஒன்றும் இதைத் தின்னும். கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு ஓடு அவ்வளவு அழகு! இடுக்கியால் எடுத்தால் போதும்.

சோயாந்தஸ் குடும்பத்தைக் கையாளும்போது ஒரு விஷயத்தை உயிராக நினையுங்கள். இவற்றின் உறவான பாலித்தோவாவில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. 1971-இல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். இவை ஒட்டியிருக்கும் பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள்; ஆவியில் நஞ்சு கலந்து வீட்டில் எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. டிப் செய்த நீரைச் சமையல் பாத்திரத்தில் எடுக்கவே கூடாது. இதற்கென்று தனிப் பாத்திரங்கள் வேண்டும்.

அயிப்டேசியாவும் அதன் எமனும்

பவளமே இல்லாத கடல்மீன் தொட்டியிலும் வந்து முளைப்பது அயிப்டேசியா. பழுப்பு நிறச் சிறு கடல் சாமந்தி. பக்கத்துப் பவளங்களைக் கொட்டிக் காயப்படுத்தும். பிய்த்தால் பெருகும், அதன் அடிப்பாதத்தின் சிறு துணுக்குகூட முழு உயிராக வளர்ந்துவிடும். ஆகவே சுரண்டல் கூடாது. இரண்டு மூன்றுதான் என்றால் சுண்ணாம்புப் பசையை ஊசிக்குழாயால் வாய்க்குள் மெல்ல ஊட்டலாம். ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பெரும் மரியாதை! பவளமும் பாசியும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதை இதை வைத்துத்தான் உலகெங்கும் ஆராய்கிறார்கள்.

கூட்டமாகிவிட்டால் பெர்கியா வர வேண்டும். ஃப்ளோரிடாக் கடலைச் சேர்ந்த இந்தச் சிறு நுடிபிராங்க் அயிப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தின்றதோடு விடுவதில்லை, அயிப்டேசியாவின் கொட்டும் நுண்ணுறுப்புகளை வெடிக்காமல் தன் முதுகு விரல்களுக்கு நகர்த்தி, அதையே தன் ஆயுதமாக்கிக்கொள்கிறது! எதிரியைத் தின்று எதிரியின் வாளை ஏந்தும் இந்த உயிரைப் பார்த்து நான் கைதட்டியிருக்கிறேன். பாறையில் வெள்ளைச் சுருளாக அதன் முட்டை நாடா தெரிந்த அன்று வீட்டில் பாயசமே வைத்தோம். அயிப்டேசியா தீர்ந்ததும் அதற்கு உணவில்லை. அப்போது எடுத்து அடுத்த நண்பர் தொட்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். இங்கே எங்கள் வட்டத்தில் பெர்கியா வீடு வீடாகப் போய்வரும் விருந்தாளி.

செம்பட்டை வரி போட்ட வண்ணத்துப்பூச்சி மீனும், காப்பர்பேண்ட் என்போமே, அதுவும் அயிப்டேசியாவைக் கொத்தும். சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள கடலிலேயே அது வாழ்கிறது. இந்தக் குட்டி நாட்டின் கடலில் ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இந்த மீன் நீந்துகிறது என்று நினைத்தாலே எனக்குப் பெருமிதம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழாய்க்குள் ஒட்டி வாழும் வெர்மெட்டிட் நத்தை சளி வலையை வீசிப் பவளத்தை எரிச்சலூட்டும். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் செய்த ஆய்வில் இவை பவள வளர்ச்சியைக் குறைப்பது தெரியவந்தது. குழாய் வாயில் ஒரு சொட்டு சூப்பர் குளூ, கதை முடிந்தது. துருநிறத்தில் பாறையெங்கும் பரவும் சிவப்பு பிளானேரியா என்னும் குட்டித் தட்டைப்புழுவுக்கு மருந்து உண்டு. ஆனால் சாகும்போது நஞ்சை விடும். முதலில் குழாய் வைத்து முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கரி வடிகட்டியும் புது நீரும் தயாராக வைத்துக்கொண்டுதான் மருந்து ஊற்ற வேண்டும்.

வேட்டைக்காரர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கதை ஒன்று. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நியூகீ நகரின் புளூ ரீஃப் காட்சியகத்தில், இரவோடு இரவாகப் பவளங்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. யார் என்று தெரியவில்லை. கடைசியில் 2009-இல் தொட்டியைப் பாறை பாறையாகப் பிரித்தபோது வெளியே வந்தது ஒரு மீட்டருக்கும் நீளமான கடற்புழு! என்றோ ஒரு பாறையோடு குட்டியாக வந்து, கண்ணில் படாமலே வளர்ந்திருந்தது. பாறைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நினைத்து நினைத்து எனக்கு ஆர்வம் பொங்குவதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் அடியில் ஓடுவது ஒரே உண்மை. தொட்டிப் பவளத்தின் பகைவர்களில் மிகக் கொடியவர்கள் ஒரே ஒரு பவளத்தைத்தான் தின்பார்கள். அக்ரோபோராவுக்கு ஒருவன், மாண்டிபோராவுக்கு ஒருவன், சோயாந்தஸுக்கு ஒருவன். எந்தப் பவளம் வாடுகிறது என்று தெரிந்தாலே யாரைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். யாரென்று தெரிந்தால் முட்டை எங்கே என்று தெரியும். முட்டை எப்போது பொரியும் என்று தெரிந்தால் வெற்றி நம் கையில். பெயர் தெரியாத பகைவனுக்கு மருந்து ஊற்றுவது பவளத்தைத்தான் கொல்லும்.

ஆகவே பவளம் வளர்க்கும் தோழர்களே, அடுத்த விளக்கு வாங்கச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு சிறு தனிமைத் தொட்டி வாங்குங்கள். ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். புதுத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் கொடுத்திருந்தாலும், டிப் செய்யாமல், ஆறு வாரம் தள்ளி வைக்காமல் பெரிய தொட்டியில் இறக்காதீர்கள். இன்றிரவே சிவப்பு விளக்கோடு தொட்டி முன்னால் உட்காருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு புழுவைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்கை உங்களால் விடவே முடியாது.